வரதராஜா மணிலா சேர்ந்த கதை

சிட்னி லிட்கம் பகுதி வரதராஜாவுக்குக் கடல் ஆகாது. துறைமுகப் படகில் கால் வைத்தாலே தலை சுற்றும். அப்படிப்பட்டவர்தான் ஸ்பானியக் கப்பலோட்டி டொரஸின் பயணத்தை ஊருக்குச் சொல்லவே பிறந்தவர் போல நடந்துகொண்டார்.

தபால் பிரிக்கும் வேலையிலிருந்து 2009இல் ஓய்வுபெற்ற வாரம், நூலகம் கழித்துப்போட்ட பெட்டியில் ஒரு பழைய புத்தகத்தில் டொரஸ் கிடைத்தார். 1606இல் நியூகினிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே உள்ள நீரிணையில் புகுந்து போனவர். பக்கத்தில் ஒரு கண்டம் கிடந்ததைக் கவனித்தாரா என்பதே நிச்சயமில்லை. "எங்கட ஆள்" என்று வரதராஜா முடிவுசெய்தார். இருபது வருடம் சிட்னியில் இருந்தும் ஓபரா ஹவுஸுக்குள் போகாதவர் வேறெப்படி முடிவுசெய்வார்?

சங்கடம் ஒன்றுதான். பயணம் முடிகிற மணிலாவில் டொரஸைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. ஸ்ட்ராத்ஃபீல்ட் முதியோர் சங்கக் கூட்டத்தில் வரதராஜாவின் பேச்சுக்கு அடுத்து எப்போதும் சாப்பாடு. பெரு நாட்டில் கப்பலேறி, பயணத் தலைவர் கீரோஸின் கப்பல் சொல்லாமல் கொள்ளாமல் காணாமற்போய், டொரஸ் தனியே நீரிணைக்குள் நுழையும் நேரம் பார்த்துக் குசினியில் கல்யாணி பொரிக்கும் ரோல்ஸ் வாசம் வரும். கதிரைகள் நகரத் தொடங்கும்.

"அண்ணை, மிச்சத்தை அடுத்த முறை பாப்பம்" என்பார் சங்கத் தலைவர் குணரத்தினம்.

அடுத்த முறை யாருக்கும் எதுவும் நினைவிருக்காது, மறுபடி பெருதான். இரண்டு வருடத்தில் டொரஸ் ஒன்பது தடவை நீரிணையில் மாட்டினார். உண்மையான டொரஸ் ஒரே தடவையில் கடந்துவிட்டார்.

"சாகிறதுக்குள்ள ஒருக்காலெண்டாலும் மணிலா போய்ச் சேரோணும்" என்றார் மனைவி ரஞ்சினியிடம்.

"டிக்கெற் போடுங்கோவன், நானும் வாறன்."

2011இல் சங்கம் பேருந்து பிடித்து மெல்பேர்ண் போனது, அங்கே த பேசின் என்ற இடத்துப் பிள்ளையாரைக் கும்பிட. பத்து மணித்தியாலம், ஒரு மைக், இறங்கி ஓட முடியாத நாற்பது பேர். வரதராஜா முதல் வேலையாகக் கல்யாணியின் ரோல்ஸ் முழுவதையும் காலை ஆறு மணிக்கே தானே பரிமாறித் தீர்த்தார். பேருந்து கோல்பேர்ண் ஊரைத் தாண்டும்போது கதையில் கப்பலேறினார்கள். யாஸில் கீரோஸ் காணாமற்போனார். ஆல்பரி பாலத்தில் நீரிணை கடந்தது. மெல்பேர்ண் பெயர்ப்பலகை தெரிந்தபோது அவர் மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்தார்.

"1607 மே மாதம் டொரஸ் மணிலாவில இறங்கினார்!"

அதிசயம், ஒருவரும் தூங்கவில்லை. முன்சீற்றிலிருந்து பத்மா அக்கா திரும்பினார். "பிறகு?"

"என்ன பிறகு?"

"மனிசன் வீட்டை போனவரோ? பெண்சாதி பிள்ளையள் இருந்தவையோ?"

வரதராஜா பக்கத்தைத் திருப்பினார். பின்னட்டை. மணிலாவிலிருந்து கடிதம் எழுதியதற்குப் பிறகு டொரஸ் என்ன ஆனாரென்று வரலாற்றுக்கே தெரியாது.

"தெரியாதக்கா."

"தெரியாதோ! இதுக்கோ தம்பி எங்களை விடியத் தொடங்கிக் கடலில வச்சிருந்தனீர்?"

"தெரியாத ஆளை ஏனண்ணை எங்களுக்கு அறிமுகப்படுத்தினனீங்கள்?" என்றார் குணரத்தினம்.

கோயிலில் பத்மா அக்கா காணாமற்போன மாலுமியின் பெயருக்கு அர்ச்சனைத் தட்டு நீட்டினார். ஐயர் வழக்கம்போலக் கேட்டார்: "நட்சத்திரம்?"

நாற்பது பேரும் வரதராஜாவைப் பார்த்தார்கள். அவர் பிள்ளையாரைப் பார்த்தார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் டொரஸைக் கேட்க மண்டபம் நிரம்பியிருந்தது. வரதராஜா பெருவில் ஏறி, கீரோஸைத் தொலைத்து, நீரிணை வாசலுக்கு வந்தார். ஒருவரும் அசையவில்லை. பத்மா அக்கா முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு "பிறகு?" என்று கேட்கக் காத்திருந்தார்.

வரதராஜா பேச்சை நிறுத்திக் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"கல்யாணி, ரோல்ஸ் இன்னும் பொரியேல்லையோ?"