வட்டக் கண்ணாடி

குளிர் விட்டு, வசந்த வெயில் எட்டிப் பார்த்த முதல் ஞாயிற்றுக்கிழமை. கண்ணாடிக்காரரும் அவருடைய சிநேகிதர் பஸ் டிரைவரும் கடலோரமாகக் காலாற நடந்தார்கள். முப்பது வருஷமாக ஊருக்கு மூக்குக்கண்ணாடி செய்து கொடுக்கிறவர் கண்ணாடிக்காரர். சட்டைப்பையில் கண்ணாடி ஸ்குரூ முடுக்கும் குட்டித் திருப்புளி இல்லாமல் வாசல் தாண்டமாட்டார்.

நாயோடு வந்த வாத்தியார் தன் கண்ணாடியைத் தூக்கிக் காட்டி வணக்கம் சொன்னார்.

“ஊரே உன் தயவுலதான் பாக்குது,” என்றார் டிரைவர்.

அடுத்து எதிரே வந்தவள் தையல்காரி. தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கண்ணாடிக்காரரைப் பார்த்தாள். அவர் பார்வையைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

போன மாதம் அவளுடைய கண்ணாடியில் இடது லென்ஸை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாட்டிக் கொடுத்துவிட்டார். வட்டச் சட்டம் என்பதால் இரண்டும் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டன. டாக்டர் சீட்டை மூன்றாம் நாள் மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது. சொன்னால் கடைப் பெயர் கெடும் என்று வாயை மூடிக்கொண்டார்.

“ஊசில நூல் கோக்கத்தான் முடியல அண்ணே,” என்றாள். “தலையும் வலிக்குது. என் கண்ணு அவ்வளவுதான் போல. உங்க வேலையில குத்தமே இல்ல.”

அவர் விரல்கள் சட்டைப்பைக்குள் திருப்புளியைத் தொட்டன. ஐந்து நிமிஷ வேலை. ஆனால் டிரைவர் பக்கத்தில் நின்றார்.

“போகப்போகப் பழகிடும்மா,” என்றார் கண்ணாடிக்காரர்.

அவள் நன்றி சொல்லிவிட்டு, சாய்த்த தலையோடு நடந்தாள்.

“பாவம்டா,” என்றார் டிரைவர். “நல்லவேளை, உன்கிட்ட வந்தா. வேற எவனாவது ஏமாத்தியிருப்பான்.”