அண்டாவுக்கு முன்னால் இரண்டு கோடுகள்

பம்பரம் என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் தப்பாக வைக்கவில்லை. கால் ஓரிடத்தில் தரிக்காது. பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டகையில் பால் அண்டாவைக் கிண்டிக்கொண்டே நூறு தடவை முற்றத்தை எட்டிப் பார்ப்பாள். அடிப்பிடித்துப்போனால் அதற்கும் சேர்த்து அதிகாரியிடம் திட்டு வாங்குவாள்.

வெளிநாட்டுக்காரர்கள் பால்மாவு மூட்டைகளை இறக்கிய புதிதில் பிள்ளைகள் ஒரே கும்பலாகத்தான் முண்டியடித்தார்கள். மலைச்சனம், ஆற்றுச்சனம் என்று அந்த வயிறுகள் எதைக் கண்டன? ஆள்கிற மலைச்சனம் ஆற்றுச்சனத்தின் பங்கை அமுக்கிவிடும் என்று வெளிநாட்டு டாக்டரம்மாவுக்குத்தான் பயம். இரண்டு பக்கமும் சமமாகப் போகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும் என ஒற்றைக்காலில் நின்றார். அதிகாரிக்கு வாயெல்லாம் பல். இவ்வளவுதானே என்று முற்றத்தில் சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டுவிட்டார். டாக்டரம்மா நல்ல மனசுக்காரர்தான், யார் இல்லையென்றது? ஆனாலும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

பம்பரம் மலைச்சனம். அதனால்தான் இந்த வேலை கிடைத்தது. அவள் கட்டிக்கொண்டவன் ஆற்றுச்சனம். அதனால்தான் அவனைச் சிப்பாய்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள், இன்னும் திரும்பவில்லை. மிஞ்சியது ஏழு வயது மகள். அவளுக்கு எந்தக் கோடு?

முதலில் மலை வரிசையில் நின்றாள். "உங்கப்பன் வரிசைக்குப் போ" என்று காவலுக்கு நின்ற சிப்பாய் விரட்டினான். ஆற்று வரிசைக்குப் போனாள். "உங்கம்மா அவங்க ஆளு. அங்கேயே போய்க் குடி" என்று தாய்மார்கள் தள்ளிவிட்டார்கள். மறுநாளும் அதே கதைதான். ஒளித்து ஒரு தம்ளர் கொடுக்கலாமென்றால் சிப்பாயின் கண் அண்டாவை விட்டு நகராது. கூலி இன்னும் கைக்கு வரவில்லை. வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஊருக்கெல்லாம் பால் ஊற்றுகிறவளின் பிள்ளை வெறும் வயிற்றோடு தூங்கியது. பம்பரத்துக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

அடுத்த நாள் ஆற்று வரிசையில் மகள் மறுபடியும் நின்றாள். முன்னால் நின்ற பெண் சட்டென்று திரும்பினாள். அதே ஜீப்பில் மகனைப் பறிகொடுத்தவள்.

"எம்புள்ளைய ஏத்திட்டுப் போனதும் அவ ஆளுங்கதான். அவ உனக்கு அம்மாவா, இல்லையா? சொல்லிட்டு நில்லு."

பம்பரத்தின் கரண்டி நின்றது. கொட்டகைக்குக் கேட்கும்படி அந்தச் சின்ன வாய் சொன்னது:

"இல்ல."

வரிசை விலகி இடம் கொடுத்தது. மகள் அண்டாவுக்கு முன்னால் வந்து தம்ளரை நீட்டினாள். வீட்டில் வாய்க்கு வாய் 'நீ' போட்டு அம்மாவோடு சண்டை பிடிக்கிற பிள்ளை.

"அக்கா, பால் ஊத்துங்க."

பம்பரம் கால் அசையாமல் நின்று ஊற்றினாள்.

"சூடா இருக்கு, பாத்துக் குடி."

மகள் அங்கேயே நின்று, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பம்பரம் அவளைப் பார்க்காமல் அடுத்த தம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கும் இந்த வரிசைக்கே வந்துடு, பாப்பா."

"சரிங்க அக்கா."