செய்தி வராதவரின் மனைவி

ஐந்தாம் ஆண்டில் எங்களுக்கு வரலாறு கற்பித்த ஆசிரியை பாடநூலை அதிகம் திறக்கமாட்டார். மாணவர்கள் வேடமிட்டு வந்து, முன்பு வாழ்ந்த ஒருவராகவே மாறி, "நான்" என்று தொடங்கிப் பேச வேண்டும். பேசி முடித்ததும் மேடை நடுவில் போடப்பட்ட நாற்காலியில் அமர்ந்து, பார்வையாளர் கேட்கும் கேள்விகளுக்கும் அதே ஆளாகப் பதில் சொல்ல வேண்டும். உடலில் அணிந்த எதற்கும் காரணம் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய விதி. காரணமில்லாத வளையலை மேடையேறும் முன் கழற்ற வைத்துவிடுவார்.

புலாவ் செபாங்கைச் சுற்றியிருந்த, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களிலிருந்தும் ரயில் நிலையத்தை ஒட்டிய வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து படித்த சிறிய தமிழ்ப்பள்ளி அது. அந்த ஆண்டு சுல்தான், அமைச்சர், போர்த்துகீசியத் தளபதி என்று வேடங்கள் விரைவில் பங்கிடப்பட்டன. சுல்தானை மணக்க வந்த சீன இளவரசிக்குப் பெரும் போட்டி. எஞ்சியது ஒன்றுதான்: ஜப்பானியர் காலத்தில், சயாமில் ரயில்பாதை போடுவதற்காகத் தோட்டத்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட ஒருவரின் மனைவி. போனவர் திரும்பவில்லை. இறந்துவிட்டார் என்ற செய்தியும் வரவில்லை.

"தாலியறுத்தவ வேஷமெல்லாம் பொம்பளப் பிள்ளைக்கு வேணாம் டீச்சர்" என்று ஒரு தாயார் வகுப்பு வாசலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். பேச வேண்டிய வரிகள் குறைவு என்பதால் நான் ஒப்புக்கொண்டேன். அப்போதும் எனக்கு அதிகம் பேச வராது.

ஆசிரியை என்னிடம் ஒரு கேள்வியைக் கொடுத்தனுப்பினார். "அந்தம்மா நெத்தியில பொட்டு இருக்குமா, இருக்காதா? வீட்டுல கேட்டாலும் சரி. ஆனா காரணம் சொல்லணும்."

வீட்டில் கேட்பதற்கு அம்மா மட்டும்தான் இருந்தார். அப்பா சிங்கப்பூருக்கு லாரி ஓட்டப் போனவர். முதலில் மாதந்தோறும் வந்தார். பிறகு தொலைபேசியில் குரல் மட்டும் வந்தது. ஒருநாள் அம்மா அழைத்தபோது வேறு யாரோ எடுத்து, அந்த எண் இப்போது தன்னுடையது என்று பணிவாக மலாயில் சொன்னார். அது எங்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும். அக்கம்பக்கத்தில் கேட்டால், "வேல ஜாஸ்தி, லீவு கெடைக்கல" என்பார் அம்மா. அலோர் காஜாவில் இருந்த தொழிற்சாலைக்குப் பேருந்து ஏறும் ஒவ்வொரு காலையும், அதே நிதானத்துடன் நெற்றியிலும் வகிட்டிலும் குங்குமம் வைத்துக்கொள்வார்.

நான் கேட்டபோது அவர் பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"செத்துட்டாருன்னு யாராச்சும் வந்து சொன்னாங்களா?"

"இல்லம்மா. ஒண்ணுமே தெரியாதாம்."

"அப்ப வைக்கணும்."

"சண்ட முடிஞ்சு ரொம்ப வருஷம் ஆயிருச்சும்மா. திரும்பி வந்தவங்கெல்லாம் வந்துட்டாங்க."

"எத்தன வருஷம் ஆனா என்ன? நல்லாப் பெரிய பொட்டா வையி." கத்தி பலகையில் சற்று வேகமாக விழுந்தது. "டீச்சர் கேட்டா, அம்மா சொன்னாங்கன்னு சொல்லு."

பள்ளி விழா நாளன்று அவரே எனக்குப் பழைய கைத்தறிச் சேலையைச் சுற்றிவிட்டு, மஞ்சள் கயிறு கட்டி, தம் விரலால் பொட்டு வைத்தார். தொழிற்சாலையில் விடுப்பு எடுத்திருந்தார். மண்டபத்தில் கடைசி வரிசையில், மின்விசிறிக்குக் கீழே அமர்ந்தார்.

எனக்கு முன் மேடையேறியவன் போர்த்துகீசியத் தளபதி. அவன் அம்மாவின் புருவ மையால் வரைந்த மீசை வியர்வையில் கன்னம்வரை வழிந்திருந்தது.

"ஏன்யா எங்க ஊருல வந்து கோட்ட கட்டுன?" என்று ஒரு தகப்பனார் கேட்டார்.

"மழ பேயுதுலா அங்கிள், எங்க தங்குறது?"

மண்டபமே சிரித்தது. "மீசைய மொதல்ல காப்பாத்துடா, அப்புறம் கோட்டயப் பாக்கலாம்" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். ஆசிரியையும் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே என்னை அழைத்தார்கள். மனனம் செய்திருந்த வரிகளைத் தடுமாறாமல் சொன்னேன்: லாரியில் ஏற்றியது, அரிசி கிடைக்காமல் மரவள்ளி தின்றது, ரயில் நின்றபோதெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தது. பிறகு நாற்காலியில் அமர்ந்தேன். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி வசிக்கும் ஆன்ட்டி எழுந்தார். விளையாட்டின் உற்சாகம் அவர் முகத்தில் இன்னும் இருந்தது.

"ஏம்மா, ஒன் வீட்டுக்காரரு போயி இம்புட்டு வருஷமாச்சு. இன்னும் இவ்ளோ பெரிய பொட்டு வச்சிக்கிட்டுத் திரியிறியே, யாருக்கும்மா இது?"

செய்தி வரவில்லை, அதனால் வைத்திருக்கிறேன் என்பதுதான் நான் கொண்டுபோயிருந்த காரணம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அவரு வர மாட்டாருன்னு எனக்குத் தெரியும். பொட்ட அழிச்சா, எல்லாருக்கும் சொல்ற மாதிரி ஆயிரும். அதான் வச்சிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. முதலில் ஒருவர் கைதட்டினார், பிறகு எல்லோரும். ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு அமர்ந்தார். கடைசி வரிசையில் அம்மா மட்டும் தட்டவில்லை. மடியிலிருந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

பள்ளி வாசலில் ஆன்ட்டி எங்களைப் பிடித்துக்கொண்டார்.

"இம்மாதிரி ஒரு பிள்ளைய வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேனே! என்னா பேச்சு பேசிருச்சு! இவ அப்பா பாத்திருக்கணும். இந்தத் தீபாவளிக்காச்சும் வந்துருவாருல்ல?"

அம்மா என் சேலை முந்தானையைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"வர மாட்டாருக்கா" என்றார். "எங்க இருக்காருன்னே தெரியல. ரொம்ப நாளாச்சு."

ஆன்ட்டி அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டார். அம்மா அதை உடனே விடுவித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு நடந்த வழியெங்கும் அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

செய்தி அன்று மாலைக்குள் எங்கள் வரிசை வீடுகள் முழுவதும் போயிருக்க வேண்டும். மறுநாளிலிருந்து எல்லோரும் மிகுந்த கனிவோடு நடந்துகொண்டார்கள். அப்பாவைப் பற்றி யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. அதுவரை யாராவது கேட்கும்போதெல்லாம் அம்மா ஏதாவது சொல்வார்: அங்கே உணவு ஒத்துக்கொள்ளவில்லையாம், உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலிக்கிறதாம், மகளுக்கு ஒரு சைக்கிள் பார்த்து வைத்திருக்கிறாராம். எதுவும் உண்மையில்லை என்பது எனக்குத் தெரியும். ஆயினும் அவற்றைக் கேட்டுக்கேட்டுத்தான் நான் எனக்கென்று ஓர் அப்பாவைச் சேர்த்து வைத்திருந்தேன். கேட்பவர் இல்லாமல் போனபின், அம்மா அவரைப் பற்றி எதையும் புதிதாகச் சொல்லவில்லை.