உறை மாறிய கடிதம்

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். தபால் நிலையத்தின் பின்னறையில் ஒரு குமாஸ்தா இருந்தார். சர்க்காரை எதிர்ப்பவர்களின் கடிதங்களைக் கொதிக்கும் கெண்டியின் ஆவியில் காட்டிப் பிரித்து, துரைக்கு நகலெடுத்து, ஈரம் தெரியாமல் ஒட்டி அனுப்புவது அவர் வேலை. வீட்டில் கேட்டால், "முத்திரை குத்துறேன்" என்பார்.

தங்கையின் புருஷன் கூட்டத்தில் பேசிவிட்டுத் தலைமறைவானான். அவன் அவளுக்கு எழுதும் கடிதங்களும் இவர் மேஜைக்குத்தான் வந்தன. அவன் இருக்கும் இடம் தெரிகிற வரியை மட்டும் நகலில் விட்டுவிடுவார். கூடப்பிறந்தவளுக்கு இவ்வளவாவது செய்கிறோமே என்று மனசைத் தேற்றிக்கொள்வார்.

ஒரு உறையை ஒட்டிய பிறகே அடுத்ததைப் பிரிக்க வேண்டும். துரை அவசரப்படுத்திய ஒரு நாள், இரண்டை ஒன்றாகப் பிரித்துவிட்டார்.

மூன்றாம் நாள் தங்கை கடிதத்தோடு தபால் நிலையத்துக்கே வந்து நின்றாள்.

"அண்ணா, உறை மேல அவர் கையெழுத்து. உள்ள யாரோ, குழந்தைக்குப் பல் முளைச்சுதான்னு கேக்குறாரு. எனக்கு ஏது குழந்தை?"

தபால்தலை விற்பவர் சிரித்தார். "மாப்பிள்ளைக்கு ரெண்டு குடித்தனமோ என்னமோ!"

"ரெண்டாவது குடித்தனம் வச்சா கையெழுத்துமா மாறும்?" என்று வெடுக்கென்று கேட்டாள்.

அண்ணனைத் தனியே இழுத்தாள். "எனக்கு எழுதினது யார் கையில சிக்கியிருக்கோ. இருக்கற இடத்தை எழுதியிருந்தா அவரைப் பிடிச்சிடுவாங்களே!"

அவள் தவிப்பைப் பார்க்கப் பொறுக்கவில்லை அவருக்கு. "பயப்படாதே. இந்தத் தடவை இடத்தைப் பத்தி ஒண்ணுமே எழுதலை."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது.

தங்கை அவரையே பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று காத்திருந்தார். போடவில்லை.

"அப்போ என்ன எழுதியிருந்தாரு?"

"வேண்டாம்மா..."

"எனக்கு வந்த கடிதம். சொல்லு."

நகலெடுத்த கைக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம். குனிந்த தலையோடு சொன்னார். "தலைவலி விட்டுதான்னு கேட்டிருந்தாரு. உன் பழைய புடவை ஒண்ணை எடுத்துட்டு வந்திருக்காராம். அதைத் தலைக்கு வச்சாத்தான்..."

"வச்சாத்தான்?"

"தூக்கம் வருதாம்."

"இதையும் துரைக்கு எழுதிக் கொடுத்தியா?"

ஆமென்று தலையசைத்தார். தங்கை புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியேறினாள்.