மூன்றாம் தண்ணீர்

எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே நான் மாமா ஊருக்குக் கிளம்பிவிட்டேன். அம்மா அப்போது படுத்த படுக்கையாக இருந்தாள். காமாலை என்றார்கள். கண்ணும் நகமும் மஞ்சளாகி, இரண்டு மாதமாக உப்பில்லாத கஞ்சியும் கீழாநெல்லிச் சாறும்தான் ஆகாரம். அந்த இரண்டு மாதமும் வீட்டில் அடுப்பு என் கையில். விடிவதற்குள் எழுந்து சோறாக்கி, அரிசி மில்லில் எடை போடப் போகும் அப்பாவுக்குத் தூக்குச்சட்டியில் கட்டிக் கொடுத்து, ஆறு வயதுத் தம்பியைக் குளிப்பாட்டி, அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டி, பிறகு பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். பதினான்கு வயதில் எனக்கு அலுத்துவிட்டது. பெற்ற தாய்க்குச் செய்ய அலுத்ததா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வீட்டின் கஷாய வாடையைவிட்டு எங்கேயாவது போனால் போதும் என்றிருந்தது.

லீவு விட்டதும் அப்பாவின் அக்கா திருப்பாச்சூரிலிருந்து வந்து, பத்து நாள் நான் பார்த்துக்கொள்கிறேன், பிள்ளை போய் இளைப்பாறிவிட்டு வரட்டும் என்றார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் நான் பையை எடுத்துவிட்டேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள், நான் ரிப்பன் கட்டும்போது என் பக்கம் புரண்டாள்.

"பத்து நாளுக்கு மேல இருக்காதடி. உன் கை கஞ்சிதான் எனக்கு எறங்குது" என்றாள்.

சரி சரி என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினேன். திருவள்ளூரில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கினால் மாமா மாட்டுவண்டியோடு நிற்பார். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். ஸ்டேஷனிலிருந்து கிழக்கே நாலு மைல். வழியெல்லாம் அறுத்த வயல். கடலையொட்டிய ஏரியைத் தாண்டிவரும் காற்றில் உப்பு இருக்கும்.

முதல் நாலு நாள் நான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. நினைத்தபோது எழுந்தேன். மோட்டார் ஓடும் நேரத்தில் கிணற்றடித் தொட்டியில் விரல் சுருங்கும்வரை ஊறினேன். மாமாவின் எட்டு வயதுப் பெண் என் வாலைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். அவளும் நானும் பனங்காட்டில் நுங்கு தின்றோம், மதியத்தில் நடையில் பாய் போட்டுக் கதை பேசியே தூங்கினோம். அத்தை, அதாவது மாமாவின் மனைவி, "அங்க ராஜாத்தி மாதிரியா இருந்த, இங்கனாச்சும் இரு" என்று கேலி செய்துகொண்டே தட்டில் இன்னொரு கரண்டி போடுவாள். அம்மா ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. பத்து நாள் முடியப்போகிறதே என்ற பயத்தோடு சேர்ந்துதான் வந்தது.

ஐந்தாம் நாள் அந்தக் குட்டிக்குக் காய்ச்சல் அடித்தது. மறுநாள் நெற்றியிலும் மார்பிலும் முத்து முத்தாகக் கிளம்பியது. அத்தை போய் வேப்பிலைக் கொத்து ஒடித்துவந்து வாசலில் செருகினாள். ஆத்தா வந்துவிட்டாள் என்று தெருவுக்குத் தெரிந்துபோயிற்று.

அம்மை கண்ட வீட்டுக்கு அந்தப் பக்கத்தில் சட்டமே வேறு. தாளிக்கக் கூடாது, மீன் கூடாது, தலை வாரக் கூடாது. அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது. சாவுச் சேதி உள்ளே வரக் கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரியது, முத்து இறங்கி மூன்று தண்ணீர் ஊற்றுகிறவரை வீட்டிலிருக்கும் யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஆத்தா வந்திருக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு போனால், போகிறவர்மேல் அவள் கோபம் இறங்கும். வெயிலில் வைத்த தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்கு ஊற்றுவதுதான் தண்ணீர். ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று முறை. மூன்றாவது ஊற்றியதும் ஆத்தா மலையேறிவிடுவாள், வேப்பிலையை எடுத்துவிடலாம்.

முதல் தண்ணீருக்கு முதல் நாள் மில்லில் அப்பாவோடு வேலை செய்கிறவர் ஒருவர் திருவள்ளூரிலிருந்து வந்தார். வாசலில் வேப்பிலையைப் பார்த்ததும் பின்வாங்கி, எதிரே புங்கமரத்தடியில் நின்றுகொண்டார். மாமா அங்கே போய் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார். திரும்பி வந்தவரிடம் என்ன சேதி என்று கேட்டேன். அம்மா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாளாம், வேறொன்றுமில்லை, வெள்ளிக்கிழமை மூன்றாம் தண்ணீர், சனிக்கிழமை காலையில் நானே கூட்டிப்போய் விடுகிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன் என்றார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். அதை நான் கவனிக்கவில்லை. சனிக்கிழமை என்ற வார்த்தைதான் காதில் நின்றது.

உள்ளே அந்தக் குட்டிக்கு நடந்த உபசாரம் கொஞ்சநஞ்சமல்ல. எட்டு வயதுப் பெண்ணைப் பார்த்து மாமா, தாயே, இளநீர் குடிக்கிறியா என்று கைகட்டிக் கேட்பார். அவளும் சும்மா இருப்பாளா? "நைனா, எனுக்கு வெள்ளரிப் பிஞ்சு வோணும்" என்பாள், உச்சிவெயிலில் அவர் ஓடுவார். வேப்பிலைப் படுக்கையில் அவள் கிடக்க, அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டே இருப்பாள். என்னை யாரும் கவனிக்கவில்லை. நான் கூழைக் குடித்துவிட்டு மூலையில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு யாராவது அப்படி விசிறிவிட மாட்டார்களா என்று ஏக்கமாக இருந்தது.

வியாழக்கிழமை சாயந்திரம். மறுநாள் மூன்றாம் தண்ணீர். அத்தை என்னைக் கூப்பிட்டுத் துணி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னாள். குனிந்து பையை எடுத்தபோது என் பின்கழுத்தைப் பார்த்துவிட்டாள். அந்த வெயிலுக்கு எனக்கு நாலைந்து வேர்க்குரு பெரிதாகி, நுனியில் நீர் கோத்திருந்தது. வருஷா வருஷம் வருகிறதுதான்.

"இன்னாடி இது? அரிக்குதா? ஒடம்பு வலிக்குதா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். வாய் திறந்தபோது எங்கள் வீட்டு அடுப்பு கண்முன் வந்தது. கஷாயச் சட்டி வந்தது. "ஆமா அத்தை, நேத்துலேர்ந்து வலிக்குது. காச்ச மாதிரி கீது" என்றேன்.

அத்தை என் நெற்றியைத் தொட்டாள். மே மாதத்தில் யார் நெற்றிதான் சுடாது? மாமா வந்து பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போயிற்று. நம் பெண்ணோடு ஒரே பாயில் படுத்தவள், வராமல் இருப்பாளா என்று அத்தைதான் சொன்னாள். பிறகு இருவரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருநாள், இரண்டு நாள் படுத்திருந்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். எனக்கும் மூன்று தண்ணீர் என்று எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. அது தெரிந்தபோது வாயைத் திறக்கத் தைரியம் இல்லை. ஆத்தா பெயரில் பொய் சொன்னவளுக்குக் கண் போய்விடும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

மாமா திருவள்ளூருக்கு ஓர் ஆளை அனுப்பினார், எனக்கும் அம்மை வார்த்திருக்கிறது, சனிக்கிழமை வர முடியாது என்று.

நான் வேப்பிலையில் படுத்தேன். இளநீர் வந்தது, வெள்ளரிப் பிஞ்சு வந்தது. அத்தை விசிறினாள். இரண்டே நாளில் வேர்க்குரு அமுங்கிவிட்டது. ஆத்தா இவளிடம் கருணையாகத்தான் வந்திருக்கிறாள் என்று அத்தை சந்தோஷப்பட்டாள். ஆனாலும் கணக்கு கணக்குதான், ஒருநாளும் குறைக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் புங்கமரத்தடியில் அந்த மில் ஆள் மறுபடியும் நின்றார். படுத்த இடத்திலிருந்து பார்த்தேன். மாமா அவரிடம் போனார். அதிக நேரம் பேசவில்லை. அங்கிருந்து நேரே கிணற்றடிக்கு நடந்து, கட்டிய வேட்டியோடு தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஈரம் சொட்டச் சொட்ட வந்து வாசலுக்கு வெளியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அத்தையின் கண்கள் சிவந்திருந்தன. கேட்டதற்குப் புகை என்றாள். அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு மாமா என்னிடம் என்னவோ போல இருந்தார். அடிக்கடி வந்து, என்ன வேண்டும், என்ன வேண்டும் என்று கேட்பார். நான் நுங்கு கேட்டேன். மரமேறுகிறவரைத் தேடிப்போய் ஒரு குலையே கொண்டுவந்தார். எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சீவிக் கொடுத்தார். நான் பன்னிரண்டு தின்றேன்.

எனக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். திருவள்ளூரில் எங்கள் தெரு முனையில் தம்பி கோலி விளையாடிக்கொண்டிருந்தான். தலை மொட்டையாக இருந்தது. திருப்பதிக்குப் போனீர்களாடா என்று கேட்டேன். அவன் கோலியைக் கையில் பொத்திக்கொண்டு, "அம்மா செத்துப் போயி ஒம்போது நாளாச்சுக்கா. நீ ஏன் வரல?" என்றான்.

நான் அழுதேனா, எப்படி வீட்டுக்குள் போனேன் என்பதெல்லாம் ஞாபகத்தில் இல்லை. அப்பாவின் அக்கா தெருவில் நின்று மாமாவைப் பார்த்துக் கத்தியது ஞாபகம் இருக்கிறது. ஒரு பெண் செத்தால் அவள்மேல் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வர வேண்டும். அண்ணன் கையால் வர வேண்டும். அது இல்லாமல், யாரோ பங்காளி வாங்கி வந்த சேலையைப் போர்த்தி அனுப்பியிருக்கிறார்கள். கோடியும் போடாமல், பெற்ற மகளையும் அனுப்பாமல் நீ எல்லாம் ஒரு உடன்பிறப்பா என்று அவர் கேட்டார். மாமா இத்தனை நாளாக அடக்கியிருந்ததெல்லாம் அப்போதுதான் வந்தது. தெரு மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அப்பா அதன் பிறகு அவரோடு பேசவே இல்லை.

அம்மாவின் கடைசி நாட்களை அப்பா ஒரே ஒருமுறை எனக்குச் சொன்னார். முதலில் அனுப்பிய மில் ஆள் திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னதும், ஆத்தா வந்த வீட்டிலிருந்து பிள்ளையை இழுக்க வேண்டாம், நான் இருக்கிறேன் என்று அம்மாவே சொன்னாளாம். தினமும் காலையில், இன்றைக்கு எத்தனையாவது தண்ணீர் என்று கேட்பாளாம். வெள்ளிக்கிழமை விரலை மடக்கி, இன்றைக்கு மூன்றாவது என்று அவளே சொன்னாளாம். சனிக்கிழமை துவைத்த சேலையைக் கட்டிவிடச் சொல்லி, வாசல் தெரியும்படி தலையணையைத் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறாள். மதியம் மாமா அனுப்பிய ஆள் வந்து, எனக்கும் வார்த்திருக்கிறது என்று சொன்னார். அம்மா இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டிருக்கிறாள்.

"எனுக்கு ஒண்ணும் வோணாம் தாயே, எம்பொண்ணு மொகத்துல தழும்பு வெக்காம வுட்டுடு" என்றாளாம்.

திங்கட்கிழமை போய்விட்டாள். இதைச் சொல்லி முடித்துவிட்டு அப்பா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு தழும்புகூட இல்லை, அவள் வேண்டுதல் பலித்துவிட்டது என்றார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து, கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு மாமா ஊருக்கு ஒருமுறை போனேன். அப்பாவுக்குத் தெரியாமல்தான். வயலில் கம்பெனிகளுக்காக அளவுக்கல் நட்டிருந்தார்கள். மாமா தளர்ந்திருந்தார். திரும்பும்போது ரயிலேற்றிவிட ஸ்டேஷனுக்கு வந்தார். பிளாட்பாரத்தில் என் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி உன்ன அனுப்பிருக்கணும்மா. ஆத்தா கோச்சிக்குவாளோன்னு பயந்துக்கினு, எந்தங்கச்சிய ஏங்கவுட்டு சாவடிச்சிட்டேன். நீயும் இத்தினி வருசமா வாயத் தொறந்து ஒரு வார்த்த என்னக் கேக்கல. மனசுல வெச்சிக்காதம்மா" என்றார்.

கண்ணீர் அவர் தாடியில் இறங்கிக் குழந்தையின் தலையில் விழுந்தது. இப்போது சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. சொன்னால் மாமா என்னை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், அது எனக்குத் தெரியும். அவர் சுமந்ததில் பாதியாவது இறங்கியிருக்கும். ரயில் வருகிற சத்தம் கேட்டது. குழந்தையை அவர் மடியிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"வுடு மாமா. நான் அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்படி நான் அவரை மன்னித்தேன்.