நான்காவது கிரீனும் ஒரு புங்கமரமும்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒரு மரத்தைச் சாகக் கொடுத்தேன். இன்னும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோவையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, நாங்கள் கோல்ஃப் ஆடும் மைதானம். நான் அங்கே கமிட்டி உறுப்பினர். மரம் நடுங்கள், மரம் நடுங்கள் என்று இந்தப் பத்தியில் வாராவாரம் உங்கள் உயிரை எடுக்கிற அதே ஆள்தான்! அங்கே நான்காவது குழியைச் சுற்றியுள்ள கிரீன் — பந்தை உருட்டி விடும் மெத்தைப் புல் — வெயில் படாமல் பழுத்துக்கொண்டே வந்தது.

ஆனி மாதம் ஒரு காலையில் கமிட்டியாகப் போய்ப் பார்த்தோம். வடகிழக்கில் நின்ற புங்கமரத்தின் நிழல் புல் மேல் கிடந்தது. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று! நல்ல நேரம் பார்த்து, வெட்டுவதற்கு அடையாளமாக நானே மரத்தில் சிவப்புப் பெயிண்டில் பட்டை போட்டேன். புல்லைப் பராமரிக்கும் செபாஸ்டியன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அனுமதி வாங்கி, ரம்பத்தோடு ஆள் வந்து சேர மார்கழி ஆகிவிட்டது. செவ்வாயன்று மரத்தில் கயிறு கட்டும்போது தற்செயலாகப் புல்லைப் பார்த்தேன். புங்கமரத்தின் நிழல் எங்கோ தள்ளி மண்பாதையில் கிடந்தது. புல்லில் விழுந்தது தென்கிழக்கில் நிற்கும் வேம்பின் நிழல்!

"ஏனுங்க செபாஸ்டியன், இதென்னங்க?"

"பொழுது இப்பத் தெக்க சாஞ்சிருச்சுங்க. ஆனியில புங்கன் மறைக்கும், மார்கழியில வேம்பு மறைக்கும். ரெண்டுலயும் கொப்பக் கழிச்சு உட்டாவே போதுமுங்க."

"அன்னைக்கே சொல்றதுக்கென்னங்க?"

"கமிட்டியே பெயிண்ட் டப்பாவோட வந்து நிக்கறப்ப நானென்னங்க சொல்றது? எதுத்துப் பேசி, அப்பறம் புல்லும் காஞ்சு போச்சுன்னா என்னைய ஊட்டுக்கு அனுப்பிப்போடுவீங்க."

கமிட்டியில் பாதிப் பேர் தோட்டம் துரவு உள்ளவர்கள். ராகுகாலம், எமகண்டம் எல்லாம் பார்த்தோம். சூரியன் இடம் மாறுமே என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டாமா?

உடனே தலைவருக்குப் போன் போட்டேன்.

"அட, ஆளு வந்தாச்சுங்க. இத மொதல்ல முடிச்சுப்போடட்டும். வேம்ப வெட்டறதுக்கும் ஒரு லெட்டர் குடுத்தரலாமுங்க" என்றார்.

மனசுக்குள் எத்தனையோ பேசினேன். வாயில் வந்தது "சரிங்க" மட்டும்தான்.

அரை மணி நேரத்தில் புங்கன் சாய்ந்தது. செபாஸ்டியன் என் முகத்தைப் பார்க்காமல் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வரும் ஞாயிறு மீட்டிங். வேம்பு அஜெண்டாவில் இருக்கிறது. கிளையை மட்டும் கழிப்போம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான்கு நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறேன். எதிரே உட்காரப்போவது சம்பந்தி, பங்காளி, கூடப் படித்தவன்... பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன்.

செபாஸ்டியன் பேசியிருந்தால் வேலை போயிருக்கும். நான் பேசினால் என்ன போய்விடும்?