சாராள் சொல்லவில்லை

ஷ்யாம் சோபாவின் விளிம்பை விட்டுவிட்டு நான்கு அடி நடந்து வந்து சாராளின் புடவையைப் பற்றியதும் அவள் ஜன்னலைத்தான் பார்த்தாள், எதிர் பிளாக்கில் யாராவது கவனித்துவிட்டார்களா என்று. பிறகு அவன் காதருகே குனிந்தாள். "யார்னா கேட்டா நீ இன்னும் தவழ்ந்துகினுதான் கீற, தெர்தா?"

அணுபுரம் குடியிருப்பில் அவள் பார்த்துக்கொள்ளும் ஏழாவது குழந்தை இது. பெற்றோர் இருவரும் அலுவலகப் பேருந்தில் ஏறிப் போனால் மாலை ஐந்தரை வரை குழந்தை அவள் பொறுப்பு. கழுத்து நிற்பது, குப்புற விழுவது, முதல் பல், முதல் சொல் எல்லாம் பெரும்பாலும் பகலில்தான் வருகின்றன. சாராள் ஒன்றையும் சொல்லமாட்டாள். ஷ்யாம் குப்புற விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அவன் அம்மா ஹரிப்ரியா அதை வியாழன் மாலை கண்டுபிடித்து, எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடித் தஞ்சாவூரில் இருக்கும் தன் அம்மாவுக்குச் சொன்னாள். மறுநாள் அவள் சொல்லக் கேட்டு, "அய்ய, நெஜமாவா?" என்று சாராள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏன் இப்படி என்று பக்கத்து வீட்டில் வேலை செய்யும் பிரபாவதி ஒருமுறை கேட்டாள்.

"எம்பொண்ணு ஹெலன் நடந்தப்ப நான் நடவுல இருந்தேன். பக்கத்தூட்டுக்காரி வரப்பு மேல நின்னு கத்துனா. நாத்தக் கைல வெச்சிகினு கேட்டுகினேன். அவ்ளோதான்."

சொல்லிவிட்டு ஈரத் துணியை உதறினாள்.

நடை விஷயத்தில்தான் பிசகிவிட்டது. ஹரிப்ரியா வீட்டுக்குள் வந்ததும் மகனை இடுப்பில் ஏற்றிக்கொள்வாள். தோசை வார்க்கும்போதும் இறக்கமாட்டாள். அவனுக்கும் அந்த இடுப்பு போதும். பத்து நாட்களாகப் பகலெல்லாம் வீட்டை அளந்தவன் மாலையில் ஓர் அடி வைக்கவில்லை.

பதினோராம் நாள் காலை சாராள் வந்தபோது ஹரிப்ரியா வேலைக்குக் கிளம்பியிருக்கவில்லை. கண்கள் வீங்கியிருந்தன.

"லீவு போட்டுட்டேன் சாராளம்மா. செங்கல்பட்டுல டாக்டர்கிட்ட காட்டப் போறேன். பதினஞ்சு மாசம் முடிஞ்சிடுச்சு. மாடி வீட்டுப் பொண்ணு ஓடுறா. இவனுக்குக் கால்ல என்னமோ இருக்கு."

சாராளுக்கு வாய் வரை வந்தது. சொன்னால் அவள் பயம் போய்விடும். முதல் அடியும் கூடவே போய்விடும்.

"கால்ல ஒண்ணும் இல்ல. இடுப்புலயே ஒட்ட வெச்சிகினு கீற, எப்டி நடப்பான்? மொதல்ல எறக்கி வுடும்மா."

"அழுவானே."

"அழுவட்டும். நீ இந்தாண்ட வந்து குந்து."

சோபாவைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை வீறிட்டது. எதிரே தரையில் ஹரிப்ரியா கைகளை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் சாராள் நின்றாள். அழுகை ஓய்ந்தது. அம்மாவின் தலைக்கு மேலாகச் சாராளைப் பார்த்தபடியே ஷ்யாம் சோபாவை விட்டான். ஒன்று, இரண்டு, மூன்று. அம்மாவின் முழங்காலை நெருங்கியவன் விலகி, அவளைத் தாண்டிப் போகப் பார்த்தான். இரண்டு கைகளும் சாராளை நோக்கி உயர்ந்தன.

சாராள் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முகத்தைக் காணாமல் குழந்தை தடுமாறி, அருகிலிருந்த மடியில் தொப்பென்று விழுந்தது.

"அஞ்சு அடி! சாராளம்மா, பார்த்தீங்களா?"

"எங்க பாத்தேன்? அதுக்குள்ள வுழுந்துட்டானே."

ஹரிப்ரியா அழுதுகொண்டே சிரித்தாள். "எழுதி வைக்கணும். இன்னைக்குத் தேதி என்ன?"

சுவரில் தினக் காலண்டர் நேற்றோடு நின்றிருந்தது. சாராள் அந்தத் தாளைக் கிழித்து உள்ளங்கைக்குள் கசக்கிக்கொண்டாள்.